கருவிக்குப் பூட்டா, களவுக்குத் தண்டனையா?

நூல் எழுதியவர்க்கும் படம் எடுத்தவர்க்கும் உழைப்பின் பயன் கிட்ட வேண்டும் என்பதை எவரும் மறுக்கார். பதிப்புரிமைச் சட்டம் தோன்றிய காரணமும் அதுவே. ஆயினும், அவ்வுரிமையைக் காக்கும் பொருட்டு, மக்கள் கையிலுள்ள கருவியையே தடை செய்யலாமா என்பது வேறு வினா. அமெரிக்க நாட்டு வரலாறு இதற்கு இருவேறு விடைகளைத் தந்துள்ளது.

ஜப்பானின் சோனி நிறுவனம் 1975ஆம் ஆண்டில் 'பீட்டாமாக்ஸ்' என்னும் பதிவுக் கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தது. தொலைக்காட்சி நிகழ்ச்சியை நாடாவில் பதிவு செய்து, ஓய்வு கிடைக்கும்போது பார்க்க அது உதவிற்று. மறு ஆண்டே யுனிவர்சல், டிஸ்னி ஆகிய படக் கம்பெனிகள் வழக்குத் தொடுத்தன. வீட்டில் பதிவு செய்வது பதிப்புரிமை மீறல்; அதற்குத் துணையாகும் கருவியை விற்பவரும் பொறுப்பாளி என்பது அவற்றின் வாதம். 1979இல் கீழ் நீதிமன்றம் சோனியின் பக்கம் நின்றது. 1981இல் மேல்முறையீட்டு மன்றம் அத்தீர்ப்பை மாற்றிற்று. 1982இல் திரைப்படச் சங்கத் தலைவர் ஜாக் வலென்டி, காங்கிரஸ் குழுவின் முன் இக்கருவியைக் கொலைகாரனுக்கு ஒப்பிட்டுப் பேசினார்.

1984 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற பெரும்பான்மையில் இறுதித் தீர்ப்பளித்தது. முறையான பயன் கணிசமாக உள்ள கருவியை விற்பது குற்றமன்று. பின்னர்ப் பார்ப்பதற்காக வீட்டில் பதிவு செய்வதும் குற்றமன்று. அப்பால் நிகழ்ந்ததுதான் விந்தை! சில ஆண்டுகளிலேயே பட நாடாக்களின் சந்தை, திரையரங்குகளின் வசூலை விஞ்சி வளர்ந்தது. ஒழிக்க நினைத்த கருவியே படக் கம்பெனிகளுக்குப் பொன் கொழித்தது.

எனினும் இப்பாடம் நிலைக்கவில்லை. 1998இல் நிறைவேறிய புதிய பதிப்புரிமைச் சட்டம், படைப்பின்மீது இட்ட மின்னணுப் பூட்டைத் திறப்பதையும், திறக்கும் கருவியை விற்பதையும் தடுத்தது. திறப்பவர் திருடரா, விலை கொடுத்து வாங்கியவரா என்று ஆராய அதில் இடம் சுருங்கிற்று. மின்னூல் பூட்டைத் திறக்கும் மென்பொருள் தொடர்பாக, 2001 ஜூலையில் ரஷ்ய நிரலாளர் டிமிட்ரி ஸ்கிலியாரோவ் லாஸ் வேகாஸ் நகரில் கைதானார். அவர் பணிபுரிந்த நிறுவனம் குற்றமற்றதென ஜூரிகள் கூறியது 2002 டிசம்பரில்தான். உழவர் தம் சொந்த டிராக்டரின் மென்பொருளைத் திறந்து பழுதுபார்ப்பதற்கும் 2015இல் தனி விலக்கு வேண்டியதாயிற்று. அத்தகைய விலக்குகளையும் மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தாக வேண்டும்.

2002இல் செனட்டர் ஹாலிங்ஸ் கொணர்ந்த மசோதா இன்னும் ஒரு படி மேலே சென்றது. எண்ணியல் கருவிகள் அனைத்திலும் அரசு ஏற்ற பூட்டு இருக்க வேண்டும் என்றது. கணிப்பொறித் தொழிலினரும் பொதுமக்களும் எதிர்த்தனர், மசோதா சட்டமாகவில்லை.

களவு செய்தவனைத் தண்டிப்பது நீதி. கள்வன் வரக்கூடும் என்று ஊரார் சாவிகளையெல்லாம் பறித்து வைப்பது நீதியாகாது. சட்டம் இயற்றுவோர் 1984ஆம் ஆண்டுத் தீர்ப்பை நினைவிற் கொள்ளுதல் நன்று.