வாக்கி டாக்கி பிராண்ட் வேறானால் ‘ரகசிய சாவி’ வேலை செய்யுமா? போடி மலைக்கு இது ஏன் முக்கியம்?

தேனி மாவட்டம் போடிநாயக்கனூர் பக்கத்தில், மலை அடிவாரத்தில் இருக்கும் ஊர் ராசிங்காபுரம். அண்ணாந்து பார்த்தால் மேற்குத் தொடர்ச்சி மலை. மேலே ஏலத்தோட்டங்கள், அதைத் தாண்டினால் கேரளாவின் இடுக்கி மாவட்டம். இந்தப் பகுதி ஊர்களில் இருந்து தினமும் ஜீப் பிடித்து ஏலக்காய் எடுக்கப் போகிறவர்கள் ஏராளம். மலையில் பல இடங்களில் செல்போன் சிக்னல் கிடைக்காது. அங்கே ஓர் அவசரம் என்றால் கைகொடுப்பது வாக்கி டாக்கிதான்.

ஆனால் வனத்துறை ஒரு கம்பெனி செட், போலீஸ் இன்னொரு கம்பெனி செட், பக்கத்து மாநிலம் வேறொரு கம்பெனி செட் என்று வைத்திருந்து, எல்லாவற்றிலும் என்கிரிப்ஷன் போட்டிருந்தால்? ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்குமா? விரிவாகப் பார்க்கலாம்.

எல்லை பார்க்காத ஆபத்துகள்

2018 மார்ச் 11. கொழுக்குமலையில் இருந்து குரங்கணி நோக்கி இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினர். 23 பேர் உயிரிழந்தனர். உள்ளூர் மக்கள், வனத்துறை, போலீஸ், தீயணைப்புத்துறை, விமானப்படை ஹெலிகாப்டர்கள் எனப் பல தரப்பும் மீட்புக்கு இறங்க வேண்டியிருந்தது.

அடுத்தது அரிக்கொம்பன். 2023 ஏப்ரல் 29-ல் இடுக்கியின் சின்னக்கானலில் இந்த யானையைப் பிடித்து, ரேடியோ காலர் மாட்டி, பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டது கேரள வனத்துறை. மே 27-ல் யானை கம்பம் நகருக்குள்ளேயே வந்துவிட்டது. ஜூன் 5-ல் அதை மயக்க ஊசி போட்டுப் பிடித்தது தமிழக வனத்துறை. காலர் மாட்டியது ஒரு மாநிலம், யானையைப் பிடித்தது இன்னொரு மாநிலம்.

இந்த இரண்டு சம்பவத்திலும் என்கிரிப்ஷன் தடையாக இருந்தது என்று அர்த்தமில்லை. இந்த மலையில் ஒரு சம்பவம் என்றால் பல துறைகள், இரண்டு மாநிலங்கள் ஒரே நேரத்தில் பேசியாக வேண்டும் என்பதுதான் விஷயம்.

என்கிரிப்ஷன் என்றால் என்ன?

பழைய அனலாக் வாக்கி டாக்கியில், அதே அலைவரிசையை வைத்தால் யார் வேண்டுமானாலும் பேச்சைக் கேட்கலாம். டிஜிட்டல் செட்டில் குரல் முதலில் எண்களாக மாறுகிறது. அந்த எண்களை ஒரு சாவியை வைத்துக் கலைத்துப் போட்டு அனுப்புவதுதான் என்கிரிப்ஷன். அதே சாவி இருக்கும் செட் மட்டும் அதை மறுபடி குரலாக மாற்றும்.

இந்த ‘சாவி’ என்பது ஒரு நீளமான எண்தான். வலுவானதாகக் கருதப்படும் ஏஇஎஸ் 256 முறையில், 0 முதல் 9 வரையிலான எண்களும் ஏ முதல் எஃப் வரையிலான எழுத்துகளும் கலந்து மொத்தம் 64 இடங்கள். ஒரே ஓர் இடம் மாறினாலும் பேச்சு கேட்காது.

சாவியைக் கொடுத்துவிட்டால் போதுமா?

அதுதான் போதாது. வெவ்வேறு பிராண்ட் செட்டுகள் ரகசியமாகப் பேச நான்கு விஷயங்கள் பொருந்த வேண்டும்.

1. தொழில்நுட்ப வகை: டிஎம்ஆர், டெட்ரா, பி25 ஆகியவை தனித்தனி வகைகள். டெட்ரா செட்டும் டிஎம்ஆர் செட்டும் நேரடியாகப் பேசிக்கொள்ளாது. சாவி எதுவாக இருந்தாலும் பலனில்லை.

2. சேனல் செட்டிங்: டிஎம்ஆரில் அலைவரிசை, கலர் கோடு, ஸ்லாட், குழு எண் எல்லாம் ஒன்றாக இருக்கணும். முதலில் என்கிரிப்ஷன் இல்லாமல் பேசிப் பார்த்துவிட வேண்டும். அதுவே கேட்கவில்லை என்றால் கோளாறு சாவியில் இல்லை.

3. பூட்டும் முறை: இங்கேதான் பிராண்ட் பிரச்சனை வருகிறது. டிஎம்ஆர் என்பது பொதுத் தரம். ஆனால் ஆரம்பத்தில் என்கிரிப்ஷனை ஒவ்வொரு கம்பெனியும் தன் பாணியில் செய்தது. மோட்டோரோலாவின் ‘பேசிக் பிரைவசி’யும் ஹைட்டேராவின் அடிப்படை என்கிரிப்ஷனும் ஒன்றல்ல. பிறகுதான் ஆர்சி4, ஏஇஎஸ் முறைகளுக்குப் பொது வழி வந்தது. இரண்டு செட்டிலும் ‘ஏஇஎஸ் 256’ என்று ஒரே பெயர் தெரிந்தாலும், அது பொதுமுறையா, கம்பெனியின் சொந்த முறையா என்று கேட்டுவிட வேண்டும்.

4. சாவி எண்: ஒரு செட்டில் பல சாவிகள் இருக்கலாம். எந்தச் சாவியால் பூட்டியது என்பதைச் சொல்லும் எண்ணும் பேச்சோடு சேர்ந்தே போகும். சாவி சரியாக இருந்து இந்த எண் மாறினாலும் பேச்சு கேட்காது. இதில் ஒரு சின்ன சிக்கல் உண்டு. ஒரு கம்பெனி சாஃப்ட்வேர் இந்த எண்ணை சாதாரணமாகக் கேட்கும். இன்னொன்று பதினாறு அடிப்படையிலான எண்முறையில் கேட்கும். அங்கே ‘10’ என்று போட்டால் நம் கணக்கில் அது 16!

சாவியை எப்படிப் பகிர்வது?

செட்டுக்குள் ஏற்றிய சாவியைத் திரும்ப எடுத்துப் பார்க்க முடியாதபடிதான் பாதுகாப்பான செட்டுகளை வடிவமைக்கிறார்கள். அதனால் ஒரு பிராண்டில் இருந்து இன்னொரு பிராண்டுக்குக் ‘காப்பி’ எடுக்கலாம் என்று நினைத்தால் நடக்காது. சாவியை முதலிலேயே வெளியே உருவாக்கி, இரு தரப்பும் அவரவர் சாஃப்ட்வேர் அல்லது கீ லோடர் கருவி மூலம் ஏற்ற வேண்டும். பி25 முறையில் கீ லோடருக்கும் செட்டுக்கும் நடுவே உள்ள இணைப்புக்கே பொதுத் தரம் இருப்பதால், இந்த வேலை அங்கே கொஞ்சம் சுலபம்.

சாவியை வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா? கூடாது. அந்த மெசேஜ் யார் யார் போனில் தங்கும் என்று சொல்ல முடியாது. நேரில் கொடுத்து, யாரிடம் கொடுத்தது என்று பதிவு செய்வதே நல்லது.

பகிர்ந்தால் ஆபத்து இல்லையா?

இருக்கிறது. சாவி உள்ள ஒரு செட் காட்டில் தொலைந்தாலும், அந்தச் சாவி இருக்கும் எல்லா செட்டிலும் மாற்றியாக வேண்டும். எத்தனை துறைகளிடம் சாவி இருக்கிறதோ, அத்தனை மடங்கு வேலை.

பூட்டும் வலுவாக இருக்கணும். டெட்ராவில் உள்ள டிஇஏ1 என்ற முறையில் சாவி 80 பிட். ஆனால் நடைமுறையில் அது 32 பிட் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது என்று நெதர்லாந்தின் மிட்நைட் புளூ ஆய்வாளர்கள் 2023-ல் வெளிப்படுத்தினார்கள். சாதாரண கம்ப்யூட்டரே அதை உடைத்துவிடும்.

இன்னொரு ஆபத்து மனிதர்களால் வருவது. அமெரிக்க மத்திய அமைப்புகளின் பி25 ரேடியோக்களைப் பற்றி பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-ல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். ரகசியமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பலர் வெளிப்படையாகவே பேசியிருந்தது அதில் தெரியவந்தது. குழுவில் ஒருவரிடம் புதுச் சாவி இல்லை என்றால், மொத்தக் குழுவும் என்கிரிப்ஷனை அணைத்துவிட்டுப் பேசியதும் உண்டு.

அப்போ என்னதான் வழி?

* ஒவ்வொரு துறைக்கும் சொந்தச் சாவி தனி, கூட்டு நடவடிக்கைக்கு மட்டும் பொதுச் சாவி தனி. பொதுச் சாவி வெளியே போனாலும் துறையின் சொந்தப் பேச்சு பாதுகாப்பாக இருக்கும்.

* உயிர் காக்கும் நேரத்துக்கு என்கிரிப்ஷனே இல்லாத ஒரு பொது சேனல். காட்டுத்தீயில் ‘எந்தப் பக்கம் இறங்கணும்’ என்ற தகவல் ரகசியம் இல்லை. அது எல்லாருக்கும் கேட்க வேண்டும்.

* செட்டுகள் பொருந்தவே இல்லை என்றால், கட்டுப்பாட்டு அறையில் இரண்டு பிராண்ட் செட்டுகளையும் கேட்வே கருவியால் இணைக்கலாம். ஒரு பக்கப் பேச்சு அங்கே திறந்து, மறுபக்கத்துக்கு வேறு சாவியில் பூட்டிப் போகும். ஆனால் நடுவில் பேச்சு திறந்திருக்கும் என்பதால் அந்த அறைக்குப் பாதுகாப்பு முக்கியம்.

* கோடை தொடங்கும் முன்பே எல்லா தரப்பும் மலையில் ஒருமுறை பேசிப் பார்ப்பது.

தோட்டக்காரர்கள் கவனிக்க

இந்தியாவில் வாக்கி டாக்கி பயன்படுத்த, தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவிடம் உரிமம் வாங்க வேண்டும். 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான குறைந்த சக்தி செட்டுகளுக்கு 2018 முதல் இந்த உரிமம் தேவையில்லை. ஆனாலும் கருவிக்கு ஈடிஏ ஒப்புதல் இருக்கிறதா என்று பார்த்து வாங்கணும். ஹாம் ரேடியோ வைத்திருப்பவர்கள் பேச்சை மறைக்கும் என்கிரிப்ஷனைப் பயன்படுத்தக் கூடாது என்பது சர்வதேச விதி.

ஆக, பிராண்ட் வேறாக இருந்தாலும் சாவியைப் பகிர முடியும். ஆனால் அது தீ பற்றிய பிறகு செய்கிற வேலை இல்லை. என்ன முறை, எந்த எண், யார் பொறுப்பு என்பதை மலைக்கு இரு பக்கமும் இருப்பவர்கள் முன்கூட்டியே பேசி முடித்திருக்க வேண்டும்.