மார்கழிப் பனியும் வேட்டை நாய்களும்: மதுரைச் சமவெளியின் ஒரு பழைய நடை

குளிர்காலம், நாய்கள், நெடும்பயணம் என்ற மூன்று சொற்களையும் சேர்த்துச் சொன்னால் யாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது துருவப் பகுதிதான். 1911 டிசம்பர் 14 அன்று தென்துருவத்தைத் தொட்ட ரோல்ட் அமுண்ட்சென், நாய்கள் இழுத்த சறுக்கு வண்டிகளை நம்பியே அங்கு போனார். 52 நாய்களுடன் கிளம்பி 11 நாய்களுடன் முகாமுக்குத் திரும்பினார் என்பது அந்த வெற்றியின் இன்னொரு பக்கம். பனிப்பாறையும் சறுக்கு வண்டியும் இல்லாத மதுரைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியிலும் குளிர்காலத்தில் நாய்களோடு மைல் கணக்கில் நடக்கும் வழக்கம் நூற்றாண்டுகளாக இருந்து வந்தது. அதற்காகவே வளர்க்கப்பட்ட நாயினங்கள் இன்றும் இங்கே இருக்கின்றன. ஆனால் அந்த நடைக்கான காரணம் சட்டப்படி முடிந்துவிட்டது. நாய் மிச்சம், வேலை இல்லை என்ற நிலை எப்படி வந்தது என்று பார்க்கலாம்.

ஏன் குளிர்காலம்?

தமிழர்கள் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரித்தார்கள். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. மதுரையில் தை மாதத்து இரவில் வெப்பம் 20 டிகிரி அளவுக்கு இறங்கும், அவ்வளவுதான். காஷ்மீர்க்காரர் கேட்டால் சிரிப்பார். ஆனால் கோடையில் பகல் வெப்பம் 38 டிகிரியைத் தாண்டும் ஊரில் இந்தக் குளிர் பெரிய விஷயம். மனிதனுக்கு மட்டுமல்ல, நாய்க்கும்.

நாய்க்கு மனிதனைப் போல உடல் முழுவதும் வியர்க்காது. பாதங்களில் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். அதன் சாதாரண உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி. முழு வேகத்தில் ஓடி முடிக்கும் வேட்டை நாயின் உடல் 41 டிகிரியையும் தாண்டிச் சூடேறலாம். சித்திரை வெயிலில் ஒரு முயலை விரட்டினால், முயல் தப்பிக்கும், நாய் செத்துவிடும்! ஆகவே அதிகாலைப் பனி விலகுவதற்குள் நடந்து, வெயில் ஏறுவதற்குள் திரும்புவதுதான் முறை.

இரண்டாவது காரணம் மண். திருமங்கலத்திலிருந்து விருதுநகர், சாத்தூர் பக்கம் விரியும் கரிசல் பூமியில் வடகிழக்குப் பருவமழை பெய்யும்போது கால் வைக்க முடியாது, களிமண் முழங்கால் வரை இழுக்கும். தை பிறந்ததும் மண் இறுகும். மானாவாரிச் சோளமும் கம்பும் தை, மாசியில் அறுவடையாகும். அதுவரை பயிருக்குள் மறைந்திருந்த முயல், காடை, கவுதாரி எல்லாம் வெட்டவெளிக்கு வந்துவிடும். விவசாயிக்கும் வேலை குறையும். நாய்க்கு ஏற்ற குளிர், நடப்பதற்கு ஏற்ற மண், கண்ணுக்குத் தெரியும் இரை, கையில் ஓய்வு ஆகிய நான்கும் ஒன்றுசேரும் காலம் இதுதான்.

கல்லிலும் பாட்டிலும்

நாயைக் குறிக்க ஞமலி, ஞாளி என்ற சொற்கள் பழந்தமிழில் உண்டு. பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை, வேட்டைக்காரர்கள் நாய்களோடு புதர்களை அடித்துக் கலைத்து, வலைகளை வேலிபோல் கட்டி, நீண்ட காதுடைய முயல்களைத் தப்பவிடாமல் வளைப்பதை வர்ணிக்கிறது. வலையை எடுத்துவிட்டால், இருபதாம் நூற்றாண்டில் கிராமங்களில் நடந்த முயல் வேட்டைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதே பத்துப்பாட்டில், பாண்டியன் பாசறையில் இருப்பதைப் பாடும் நெடுநல்வாடை, குளிர்கால மழையில் மேட்டு நிலத்துக்கு மந்தையை ஓட்டிப்போய் நெருப்பில் கை காய்ச்சும் கோவலர்களிலிருந்துதான் தொடங்குகிறது. பாண்டிய நாட்டுக் குளிர் இலக்கியத்தில் நுழைந்து இரண்டாயிரம் ஆண்டுகள் ஆகப்போகின்றன என்று சொல்லலாம்.

கல்வெட்டுச் சான்று தொண்டை மண்டலத்தில் கிடைக்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள நடுகல், முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. மாடுகளைக் காக்கும் சண்டையில் இறந்த கருந்தேவகத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல் அது. அவன் பின்னால் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும், அது இரண்டு கள்வர்களைக் கடித்துக் காவல் நின்றது என்றும் கல்வெட்டு சொல்கிறது. எத்தனையோ மனிதர்களின் பெயர்கள் காற்றோடு போய்விட, ஒரு நாயின் பெயர் 1400 ஆண்டுகள் கல்லில் நிற்கிறது. மதுரைப் பக்கக் கிராமக் கோயில்களில் கருப்பசாமி சிலைக்கு அருகே குதிரையோடு நாயும் நிற்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பாளையக்காரர்களின் நாய்

16ஆம் நூற்றாண்டில் மதுரையில் நாயக்கர் ஆட்சி அமைந்தபோது, விசுவநாத நாயக்கரும் தளவாய் அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்தார்கள் என்பது பள்ளிப் பாடத்திலேயே வரும் செய்தி. பாளையக்காரர்களுக்கு வேட்டை வெறும் பொழுதுபோக்கு அல்ல. படைப்பயிற்சியும் அதுதான், எல்லையைச் சுற்றி வந்து அதிகாரத்தைக் காட்டும் வழியும் அதுதான். 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர்கள் தென்னாட்டு நாய்களைப் பற்றி எழுதும்போது ஒருவகை நாய்க்குப் 'போலிகர் நாய்' என்றே பெயர் வைத்தார்கள். பாளையக்காரர் என்பது அவர்கள் வாயில் போலிகர் ஆகிவிட்டது.

பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை எழுந்த கதையிலும் நாய் உண்டு. கட்டபொம்மனின் முன்னோர் வேட்டைக்குப் போனபோது, ஓரிடத்தில் முயல் திரும்பி நின்று வேட்டை நாய்களையே விரட்டியதாம். இந்த மண்ணுக்கு வீரம் இருக்கிறது என்று அங்கேயே கோட்டை கட்டினார்களாம். விஜயநகரம் தோன்றியதற்கும் ஏறக்குறைய இதே கதையைச் சொல்வார்கள். இது வரலாறு அல்ல, ஐதீகம். ஆனால் ஒரு தலைநகரத்தின் பிறப்பைச் சொல்லும் கதைக்கே நாயும் முயலும் தேவைப்பட்டன என்றால், அந்தச் சமூகத்தில் வேட்டைக்கு இருந்த இடம் புரியும்.

நான்கு ஊர், நான்கு பெயர்

இந்த வட்டாரத்தின் நாய்களில் நான்கு பெயர்கள் புகழ் பெற்றவை.

ராஜபாளையம்: விருதுநகர் மாவட்டத்து ஊரின் பெயரே நாய்க்கு. வெள்ளை நிறம், இளஞ்சிவப்பு மூக்கு, பெரிய உடல். வீட்டுக்கும் தோட்டத்துக்கும் காவல் நிற்பதில் பெயர் பெற்றது.

சிப்பிப்பாறை: இதுவும் விருதுநகர் மாவட்டத்து ஊர்தான். ஒட்டிய வயிறு, நீண்ட கால்கள், கூர்மையான முகம். முயல் விரட்டுவதற்கென்றே உருவான உடல்.

கன்னி: சிப்பிப்பாறைக்கு மிக நெருங்கிய உறவு. கறுப்பு உடலில் பழுப்புத் திட்டுகள் இருக்கும். இரண்டும் ஒரே இனத்தின் நிற வேறுபாடுகள்தான் என்று சொல்பவர்களும் உண்டு. கல்யாணப் பெண்ணுக்குச் சீராகக் கொடுத்ததால் இந்தப் பெயர் வந்தது என்று ஒரு வழக்குக் கதை.

கோம்பை: தேனி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து ஊர். செம்பழுப்பு உடல், கறுத்த முகம். காட்டுப்பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் பயன்பட்டது.

வேட்டை நாய்கள் இரண்டு வகை. ஒன்று மோப்பம் பிடித்துத் துரத்தும், மற்றொன்று கண்ணால் பார்த்துத் துரத்தும். ஆங்கிலேயர்கள் 19ஆம் நூற்றாண்டில் ஊட்டியில் நரி வேட்டைக்காக இறக்குமதி செய்த ஃபாக்ஸ்ஹவுண்ட் முதல் வகை. ஈரமும் குளிரும் உள்ள நீலகிரிப் புல்வெளியில் மோப்பம் நிற்கும், அங்கே அது எடுபட்டது. சிப்பிப்பாறையும் கன்னியும் இரண்டாம் வகை. மரமில்லாத கரிசல் வெளியில் கண்ணும் காலும்தான் மூலதனம். நிலம்தான் நாயைச் செதுக்கியிருக்கிறது. கம்பங்கூழும் கேழ்வரகுக் கூழும் குடித்து வளர்ந்து, வெயில் நாட்டில் தாக்குப்பிடிக்கும் நாய்கள் இவை.

வேட்டை மட்டும்தான் நாயின் வேலை என்றும் நினைக்கக் கூடாது. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் ஆட்டு மந்தையோடு மாதக்கணக்கில் ஊர் ஊராக நடப்பவர்கள். அறுவடை முடிந்த வயல்களில் இரவில் கிடை போடுவார்கள், ஆட்டுப் புழுக்கை வயலுக்கு உரமாகும். பனியில் கிடைக்குக் காவல் நாய்தான். நரி வந்தாலும் திருடன் வந்தாலும் முதலில் குரைப்பது அதுதான்.

பாரிவேட்டை

குளிர்கால நடை ஒரு சடங்காகவும் ஆனது. தை மாதம் கனுவன்று பல பெருமாள் கோயில்களில் சுவாமி பாரிவேட்டைக்கு எழுந்தருள்வார். சுவாமி வேட்டைக்குப் போவது பாவனைதான். ஆனால் மதுரை, சிவகங்கை, திண்டுக்கல் வட்டாரக் கிராமங்களில் மாசி மாதத்துச் சிவராத்திரியை ஒட்டி மனிதர்களே பாரிவேட்டைக்குப் போனார்கள். ஊர் கூடி, கம்பும் நாயுமாக வரிசை கட்டி நடந்து புதர்களைக் கலைப்பார்கள். முயல் கிளம்பியதும் நாயை அவிழ்த்துவிடுவார்கள். கிடைத்த இறைச்சியை ஊராரோடு பங்கிட்டுக்கொள்வார்கள். யாருடைய நாய் பிடித்தது என்பது அடுத்த வருடம் வரை பேச்சாக இருக்கும்.

1972க்குப் பிறகு

1972ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதில் 'வேட்டை' என்ற சொல்லுக்குத் தரப்பட்ட விளக்கம் கவனிக்க வேண்டியது. கொல்வது மட்டுமல்ல, பிடிப்பது, கண்ணி வைப்பது, விரட்டுவது, நாயை விட்டுத் துரத்துவது எல்லாமே வேட்டைதான். ஆரம்பத்தில் சில விலங்குகளைச் சுட உரிமம் பெறும் வழி சட்டத்தில் இருந்தது. 1991 திருத்தம் அந்தக் கதவையும் மூடியது. முயலும் பாதுகாக்கப்பட்ட விலங்குதான். சிவராத்திரி வந்தால் வனத்துறை கிராமங்களை எச்சரிப்பதும் காவலைக் கூட்டுவதும் இப்போது வழக்கமாகிவிட்டது.

சட்டம் தவறா? இல்லை. நூறு பேர் நடந்த காட்டில் ஆயிரம் பேர் நடந்தால் முயல் மிஞ்சாது. புதர்க்காடுகள் மனைகளாகவும் குவாரிகளாகவும் மாறிவிட்ட பிறகு எஞ்சிய விலங்குகளுக்கு ஒதுங்க இடமும் குறைவு. மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்து அரிட்டாபட்டியை 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அரசு அறிவித்தது. அங்குள்ள குன்றில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் சமண முனிவர்கள் தங்கியதைத் தமிழி எழுத்துக் கல்வெட்டு காட்டுகிறது. கொல்லாமையைப் போதித்தவர்கள் குகையிலும், வேட்டையாடியவர்கள் அடிவாரத்திலும் வாழ்ந்த நாடு இது. அந்தப் பழைய வழக்கில் தீர்ப்பு இப்போது முனிவர்கள் பக்கம் வந்திருக்கிறது.

ஆனால் தீர்ப்பு நாய்க்குத் தெரியாது. சிப்பிப்பாறையின் காலும் நுரையீரலும் இன்னும் அந்த ஓட்டத்துக்காகவே பிறக்கின்றன. இன்று அது நகரத்து மாடியில் ஆறடிச் சங்கிலியில் நிற்கிறது.

பெயர் வந்தது, நடை போனது

உண்மையில் இந்த நாய்களுக்கு இவ்வளவு புகழ் எப்போதும் இருந்ததில்லை. 2005 ஜனவரி 9 அன்று இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாயினத் தபால் தலைகளில் ராஜபாளையமும் ஒன்று. 2017ல் தியடோர் பாஸ்கரன் இந்திய நாய்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு புத்தகமே எழுதினார். கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வள நிறுவனம் முதன்முதலில் பதிவு செய்த மூன்று நாயினங்களில் ராஜபாளையம், சிப்பிப்பாறை இரண்டும் தமிழ்நாட்டவை. 2020 ஆகஸ்ட் மாதம் பிரதமரின் வானொலி உரையில் நான்கு பெயர்களும் இடம்பெற்றன.

புகழ் வந்ததும் விலை வந்தது. விலை வந்ததும் வியாபாரம் வந்தது. முன்பு ஒரு நாய் நல்ல நாயா என்பதைக் காடு முடிவு செய்தது. ஓட முடியாத நாயின் குட்டியை யாரும் கேட்க மாட்டார்கள். இப்போது நிறமும் படமும் முடிவு செய்கின்றன. தூய வெள்ளைக்காக நெருங்கிய உறவுக்குள்ளேயே இணை சேர்த்தால், ராஜபாளையம் குட்டிகளில் காது கேளாமை கூடும் என்பது தெரிந்த விஷயம். வேலை இல்லாத இனம், பார்வைக்கு அப்படியே இருந்தாலும் உள்ளே மெல்ல மாறிவிடும்.

அப்படியானால் வழி என்ன? மறுபடியும் வேட்டைக்கு விடுவது வழியல்ல. ஆனால் முயல்தான் நாயின் தேவை என்று யார் சொன்னது? நாய்க்கு வேண்டியது ஓட்டமும், மோப்பமும், கூட வரும் மனிதனும். இவற்றில் மூன்றாவதைத்தான் இன்றைய நாய்கள் அதிகம் இழந்திருக்கின்றன. தடுப்பூசி போட்ட நாயை, கழுத்தில் கயிறோடு, காப்புக்காட்டுக்குள் நுழையாமல், தை மாதத்து விடியலில் கண்மாய்க் கரையிலோ அறுத்த வயல் வரப்பிலோ ஐந்து மைல் நடத்திக் கூட்டிப்போவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. வேலி போட்ட தோட்டம் இருந்தால் அவிழ்த்துவிட்டு ஓடவும் விடலாம்.

எடுத்தனூரில் கல் நட்டவர்கள் கோவிவனின் நிறத்தையோ விலையையோ எழுதி வைக்கவில்லை. அது என்ன செய்தது என்பதைத்தான் எழுதினார்கள். நம் நாட்டு நாய்களைப் பற்றிப் பெருமை பேசும் ஒவ்வொருவரும் தம் வீட்டு நாய் கடைசியாக எப்போது வாசலைத் தாண்டி நடந்தது என்று ஒருமுறை யோசித்துப் பார்க்கட்டும். மார்கழிப் பனி வருடா வருடம் வரத்தான் செய்கிறது.