புருவ நிழலும் விளக்கொளியும்

திருமணம், பூப்பு நீராட்டு, தீபாவளி ஆகிய நன்னாட்களில் இக்காலப் பெண்கள் புருவத்தின் கீழுள்ள சிறு மேட்டில் ஒளிரும் பொடி ஒன்றைத் தீற்றிக் கொள்வதைக் காண்கிறோம். ஜாசினிலும் மலாக்கா நகரிலும் உள்ள கடைகளில் அது 'ஹைலைட்டர்' என்ற ஆங்கிலப் பெயராலேயே விற்பனையாகிறது. பெயர் புதிது, பொடியும் புதிது. ஆயினும் அப்பொடி எந்தக் குறையைப் போக்க எழுந்ததோ, அந்தக் குறை மிகப் பழையது. அதைப் போக்க நம் முன்னோர் மேற்கொண்ட முயற்சிகளும் பழையனவே.

மனிதனின் கண் ஒரு குழிக்குள் அமைந்திருக்கிறது. அதன் மேல் நெற்றியெலும்பு தாழ்வாரம் போல் நீண்டிருக்கிறது. ஒளி மேலிருந்து விழும்போது அத்தாழ்வாரத்தின் நிழல் கண்மேல் படியும். அருகில் நின்று பேசுவோர்க்கு இதனால் தொல்லையில்லை. ஆனால் முப்பது முழத்துக்கு அப்பால் பாயில் அமர்ந்து கூத்துப் பார்ப்பவனுக்கு நடிகனின் கண்கள் இரண்டு கரும்பள்ளங்களாகவே தோன்றும். இதற்கு மாற்று இரண்டே. கண்ணின் விளிம்பைக் கறுப்பாக்கி எடுத்துக்காட்டுவது ஒன்று. புருவத்தின் அடியை வெளுப்பாக்கி நிழலை விரட்டுவது மற்றொன்று. முன்னது வீட்டுக்குரியதாயிற்று. பின்னது மேடையில் வளர்ந்து, பிற்காலத்தில் வீட்டுக்குள் புகுந்தது.

கறுப்பைப் பற்றி நம் இலக்கியம் நிறையவே பேசுகிறது. மை தீட்டிய கண்ணைச் சங்கப் புலவர்கள் 'உண்கண்' என்றனர். மையை உண்ட கண் என்பது பொருள். மை இடுவதைக் கண் 'எழுதுதல்' என்றே வழங்கினர். ஓலையில் எழுதுவதற்கும் கண்ணில் எழுதுவதற்கும் ஒரே சொல்! வள்ளுவர் இச்செயலை இரண்டு இடங்களில் எடுத்தாளுகிறார். காதலர் தன் கண்ணுக்குள் இருப்பதால், மையிட்டால் அவர் மறைவாரே என்று அஞ்சி மையிடாமல் இருக்கும் தலைவியை 1127-ஆம் குறளில் காண்கிறோம். மை எழுதும்போது கண்ணுக்கு எட்டாமற் போகும் கோலைப் போல, நேரிற் கண்டவுடன் கணவனின் குற்றம் தனக்குத் தெரியவில்லை என்கிறாள் 1285-ஆம் குறளின் தலைவி. மைக்கோலைக் கையிற் பிடித்தவர்களை உற்றுப் பார்த்தவர்க்கன்றி இவ்வுவமை தோன்றியிராது.

அத்தகைய மைக்கோல்கள் மண்ணுக்கடியிலும் கிடைத்துள்ளன. மொகஞ்சதாரோவிலும் அரப்பாவிலும் செம்பினாற் செய்த கோல்கள் அகப்பட்டன. எகிப்தியர் ஈயக் கனிமத்தைக் கறுப்புக்கும் செம்புக் கனிமமாகிய மலக்கைட்டைப் பச்சைக்கும் அரைத்துக் கண்ணைச் சுற்றிப் பூசினர். ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட நார்மர் மன்னனின் புகழ்பெற்ற கற்பலகை, கண்மை அரைக்கும் பலகையின் வடிவில் அமைந்ததே ஆகும். அரபு மொழியில் கண்மையைக் குறிக்கும் 'குஹ்ல்' என்ற சொல் ஐரோப்பியர் வாயில் புகுந்து, நுண்பொடியைக் குறித்து, பின்னர் வடித்தெடுத்த சாரத்தைக் குறித்து, முடிவில் 'ஆல்கஹால்' ஆயிற்று. கண்ணுக்கு அழகு தந்த சொல் கண்ணை மயக்கும் பொருளுக்குப் பெயரானது வேடிக்கையே.

அஞ்சனக்கல் என்று மருத்துவ நூல்கள் கூறும் ஆன்டிமனிக் கனிமத்துக்கும் மலேசிய நாட்டுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1820-களில் சரவாக்கில் அக்கனிமம் கண்டெடுக்கப்பட்டது. அங்கிருந்து சிங்கப்பூர் வழியாக ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. அங்கே அதை ஈயத்தோடு உருக்கி அச்செழுத்து வார்த்தனர். ஆக, அஞ்சனக்கல் கண்ணில் எழுதவும் பயன்பட்டது. தாளில் எழுத்தைப் பதிக்கவும் பயன்பட்டது. தோட்டத்து லயங்களில் நம் தாய்மார் குழந்தைக்கு இட்ட மை இக்கல்லினால் ஆனதன்று. ஆமணக்கெண்ணெய் விளக்கின் சுடர்மேல் தட்டைக் கவிழ்த்து, படிந்த கரியை வழித்து, எண்ணெயிற் குழைத்ததே அது. கடையில் வாங்கும் சுருமா சிலவற்றில் ஈயம் இருப்பது ஆய்வுகளிற் பலமுறை வெளிப்பட்டிருப்பதால், லயத்துத் தாயின் மையே குற்றம் குறைந்தது எனலாம்.

இனி மேடைக்கு வருவோம். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை, மாதவி ஆடிய அரங்கின் அளவை ஏழுகோல் அகலம், எட்டுக்கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று கணக்கிட்டுச் சொல்கிறது. அதோடு நின்றிருந்தால் அது தச்சனின் குறிப்பாக மட்டும் இருந்திருக்கும். தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்கு நிறுத்த வேண்டும் என்பதையும் இளங்கோவடிகள் மறவாமற் கூறுகிறார். தூண் நிழலுக்கே இத்தனைக் கவலை என்றால், ஆடுபவளின் புருவ நிழலைப் பற்றி அக்காலத்து ஒப்பனையாளர் கவலைப்படாமல் இருந்திருப்பரோ?

மேடை ஒப்பனைக்கு 'அரிதாரம் பூசுதல்' என்பது இன்றும் வழங்கும் பெயர். அரிதாரம் என்பது ஆர்செனிக் நஞ்சும் கந்தகமும் சேர்ந்த மஞ்சள் நிறக் கனிமம். தங்கத்தை ஒத்த பளபளப்பு உடையது; தீவட்டி வெளிச்சத்தில் முகத்தை ஒளிரச் செய்வது. கேரளத்துக் கதகளியில் 'மனயோலா' என்று வழங்குவதும் இவ்வினத்ததே. சிவப்புக்குச் சாதிலிங்கம் உதவியது. அச்சாதிலிங்கம் பாதரசக் கனிமம். 1512-க்கும் 1515-க்கும் இடையில் மலாக்காவைப் பற்றி எழுதிய போர்த்துகீசியர் தோமே பிரெஸ், மேற்கிலிருந்து இத்துறைமுகத்துக்கு வந்த சரக்குகளுள் பாதரசத்தையும் சாதிலிங்கத்தையும் குறிக்கிறார். முகத்தைப் பொலிவாக்கிய மஞ்சளும் சிவப்பும் நஞ்சுடையனவாய் இருந்தன என்பதை மறத்தல் ஆகாது. பிற்காலக் கூத்தில் முத்துவெள்ளை முதலிய பொடிகள் அவ்விடத்தைப் பிடித்தன. அரிதாரம் போயிற்று; பெயர் மட்டும் நின்றது.

நியாலாஸ், ஆசகான் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களைப் போன்ற இடங்களில் மின்விளக்கு வருவதற்கு முன் கோவில் திருவிழா மேடைக்கு ஒளி தந்தது கேஸ் விளக்கு. காற்றடித்து மண்ணெண்ணெயை ஆவியாக்கி வலைத்திரியில் எரிக்கும் இவ்விளக்கு, 1910-ஐ ஒட்டி பெர்லினில் 'பெட்ரோமாக்ஸ்' என்ற பெயரில் உருவாகி உலகெங்கும் பரவியது. தீவட்டி ஆளின் தோளளவில் நின்று பக்கவாட்டில் ஒளி வீசும். கேஸ் விளக்கையோ பந்தற்காலின் உச்சியிலோ குறுக்குக் கழியிலோ தொங்கவிட்டனர். வெளிச்சம் பெருகியது, அதனோடு புருவ நிழலும் கடுமையாயிற்று. காலையில் பால்மரம் வெட்டிய கைகளே மாலையில் இதற்கு விடை கண்டன. முத்துவெள்ளையைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து, கரியினால் தீட்டிய புருவத்தின் அடியில் பிறை போல் ஒரு கோடு. நல்லதங்காள் பிள்ளைகளைக் கிணற்றில் எறியும்போது கடைசி வரிசையில் இருந்த கிழவியும் அவள் கண்ணைப் பார்த்து அழவேண்டுமே! ஒளியியல் படியாத அத்தொழிலாளரின் தேர்ச்சியை அறிவென்றே சொல்லவேண்டும். தோட்டங்கள் செம்பனைக்கு மாறி, இளைஞர் நகரங்களுக்குப் பெயர்ந்தபோது அம்மேடைகளும் மெல்ல மெல்ல மறைந்தன.

மேலை நாட்டிலும் விளக்கு மாறும்போதெல்லாம் பூச்சு மாறிற்று. பெர்லினில் இசைநாடகப் பாடகராயிருந்த லைஷ்னர் 1873-இல் கொழுப்பிற் குழைத்த வண்ணக் குச்சிகளை விற்கத் தொடங்கினார். லண்டன் சவாய் அரங்கம் 1881-இல் முழுதும் மின்னொளி பெற்றது. திரைப்படம் வந்தபின் மாக்ஸ் ஃபாக்டர் என்பவர் படச்சுருளின் இயல்புக்கு ஏற்ற பூச்சுகளைச் செய்து பெயர் பெற்றார். அவருடைய 'பான்கேக்' 1937-இல் வெளிவந்தது. திரை நடிகையரின் முகத்தைக் கண்ட மகளிர் அதே பூச்சைக் கடையிற் கேட்டனர். மேடையின் உத்தி வீட்டுக்குள் புகுந்த கதை இதுவே.

ஆனால் வெறும் வெள்ளை அருகிலிருந்து பார்ப்பவர்க்குச் சுண்ணாம்பு போலத் தோன்றும். வீட்டுக்கு வேண்டியது மின்னும் வெண்மை. 17-ஆம் நூற்றாண்டில் பாரிசு நகரத்து மணி செய்வோன் ஒருவன் மீன் செதிலிலிருந்து முத்தொளி தரும் சாரம் எடுத்தான். 1960-களில் அப்பிரகத் துகள்மீது டைட்டானியம் ஆக்சைடைப் படியவைக்கும் முறை உருவாயிற்று. இன்றைய பொடிகள் பலவற்றின் பளபளப்பு இதனால் வருவதே.

அப்பிரகம் நமக்குப் புதிய பொருளன்று. சிறுவர்கள் காக்காய்ப்பொன் என்று பொறுக்கி மகிழ்ந்த கல் அதுதான். மண்ணெண்ணெய் விளக்குகள் சிலவற்றில் கண்ணாடிக்குப் பதிலாக அதன் தகட்டைப் பொருத்தியதும் உண்டு. இந்தியாவில் ஜார்க்கண்டின் கோடர்மா, கிரிடி வட்டாரங்களும் பீகாரின் அண்டைப் பகுதிகளும் அதற்குப் பெயர்போனவை. 1980-இல் வந்த வனப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் அங்கே சுரங்கங்கள் பல மூடப்பட்டன. மூடிய சுரங்கங்களின் பொந்துகளில் ஏழைக் குடும்பங்கள் பிள்ளைகளோடு நுழைந்து துணுக்குகளைத் தோண்டி விற்றனர். 2016-இல் ராய்ட்டர் செய்தி நிறுவனம் மேற்கொண்ட விசாரணை, இரண்டே மாதங்களில் ஏழு குழந்தைகளேனும் அச்சுரங்கங்களில் மாண்டதை வெளிப்படுத்திற்று. மறு ஆண்டில் அழகுப்பொருள் நிறுவனங்கள் பல சேர்ந்து பாரிசில் 'பொறுப்புள்ள அப்பிரக முயற்சி' என்ற அமைப்பை நிறுவின.

பால்வாளி சுமந்து தாயின் பின்னே நிரைக்குப் போன பிள்ளைகளின் கதையைப் பாட்டிமார் வாயிலாகக் கேட்டறிந்த தோட்டத்து வழிவந்தவர்க்கு, கோடர்மாப் பிள்ளைகளின் நிலையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அழகுப்பொருட் பெட்டிகளின் பின்புறத்தில் உட்பொருள்களைப் பொடியெழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். 'மைக்கா' என்றோ 'சிஐ 77019' என்றோ இருந்தால் அது பெரும்பாலும் மண்ணிலிருந்து எடுத்த அப்பிரகம். 'சிந்தெட்டிக் ஃபுளோர்ஃபுளோகோபைட்' என்று இருந்தால் ஆலையில் உருக்கிச் செய்தது. மண்ணிலிருந்து எடுத்தது எந்தச் சுரங்கத்திலிருந்து, யார் கையால் வந்தது என்பதைப் பெட்டி சொல்வதில்லை. விற்கும் நிறுவனத்தைத்தான் கேட்கவேண்டும்.