நாடா வந்த வழி
கள்ளக்குறிச்சிக் கடைகளில் அரிசி அடைத்து வரும் வெள்ளைச் சாக்கு பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் இழையில் நெய்தது. இத்தாலியில் ஜூலியோ நட்டா 1954இல் உருவாக்கிய அந்தப் பிளாஸ்டிக், பத்தாண்டுக்குள் மனித உடம்புக்குள்ளும் போனது. அமெரிக்க அறுவை மருத்துவர் பிரான்சிஸ் அஷர் குடலிறக்கத்துக்கு அதை வலையாக வைத்துத் தைத்தார். ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிக அகலமுள்ள நாடாவாகப் பெண்ணின் சிறுநீர்க் குழாய்க்கு அடியில் அது வந்து சேர இன்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

இருமினால், தும்மினால், தலைச்சுமையைத் தூக்கினால் சிறுநீர் கசியும் தொல்லை பிள்ளை பெற்ற பெண்களுக்குப் புதிதல்ல. பிரசவத்தில் இடுப்புத் தளத் தசை தளர்ந்தால் வயிற்றின் அழுத்தத்துக்கு ஈடுகொடுக்கச் சிறுநீர்க் குழாய்க்குக் கீழே பிடிமானம் இருக்காது. முன்பெல்லாம் அந்தப் பெண்ணின் வயிற்றுச் சுவரிலிருந்தே நார்த்திசுவை எடுத்துத் தாங்கல் கொடுத்தார்கள். சுவீடனின் உல்ஃப் உல்ம்ஸ்டனும் ஆஸ்திரேலியாவின் பீட்டர் பெட்ரோஸும் வேறு வழி தேடினார்கள். 1996இல் உல்ம்ஸ்டன் குழு வெளியிட்ட முறையில், பாலிப்ரொப்பிலீன் நாடா தூளி மாதிரி இறுக்கமில்லாமல் கிடந்தது. அரை மணி நேர வேலை, சீக்கிரமே வீடு திரும்பலாம். ஏராளமான பெண்களுக்குக் கசிவு நின்றது. அதை மறுக்க முடியாது.

ஆனால் அமெரிக்கச் சந்தைக்குள் இந்த நாடா நுழைந்த விதம் என்னை உறுத்துகிறது. ஏற்கெனவே அனுமதி பெற்ற பொருளை ஒத்தது என்று காட்டினாலே போதும் என்பது அங்குள்ள நடைமுறை. 1998இல் இந்த நாடா அனுமதி பெற முன்மாதிரியாகக் காட்டப்பட்டது, பாஸ்டன் சயின்டிபிக் நிறுவனத்தின் புரோடெஜென் பட்டை. அது திசுவை அரிக்கிறது என்று 1999இல் திரும்பப் பெறப்பட்டது. அதைக் காட்டி உள்ளே வந்த நாடா விற்பனையில் தொடர்ந்தது.

வலைக் கண்ணிகளுக்குள் சதை வளர்ந்து பின்னிக்கொள்வதால்தான் நாடா நிலைக்கிறது. அதனாலேயே பிறகு அதை முழுதாக எடுப்பது பெரும்பாடு. வைக்கும்போதே ஊசி சிறுநீர்ப்பையைத் துளைக்கலாம். இறுகிப்போனால் சிறுநீர் சரியாகப் பிரியாது. பிறப்புறுப்புச் சுவரை அரித்து விளிம்பு வெளியே வரலாம். தொடையிடுக்கில் தீராத வலி, உடலுறவில் வலி. பெரும்பாலோருக்கு இவை வருவதில்லை. வந்தவர்கள் சொன்னதை மருத்துவ உலகம் காதில் வாங்கவில்லை என்று பிரிட்டனில் இதை ஆராய்ந்த கம்பர்லெஜ் அறிக்கை 2020இல் பதிவு செய்தது. இங்கிலாந்தில் 2018இலேயே இந்தச் சிகிச்சையை நிறுத்திவைத்திருந்தார்கள்.

இந்திய மருத்துவமனைகளிலும் இந்த நாடா வைக்கப்படுகிறது. கல்வராயன் மலைப் பெண் ஒருத்தி அதை வைத்துக்கொண்டு, பல ஆண்டுகள் கழித்து வலி வந்தால், மலையிறங்கி யாரிடம் காட்டுவாள்? கள்ளக்குறிச்சிக்கு அருகே சிறுவங்கூரில் 2022இல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரியால் தூரம் குறைந்திருக்கிறது. ஆனாலும் எந்த நாடா, என்றைக்கு, எங்கே வைத்தது என்ற சீட்டு அவள் கையில் இல்லையென்றால் அங்குள்ள மருத்துவர் எதைப் பிடித்துத் தொடங்குவார்? இதற்கெல்லாம் முன்னால், சிறுநீரை அடக்கும் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை மூன்று மாதமாவது முறையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதற்குக் காசு ஆகாது. அதிலும் நிற்காவிட்டால், சொந்தத் திசுவில் செய்யும் பழைய அறுவை சிகிச்சையும் உண்டு என்பதையும், நாடாவால் வரக்கூடிய நன்மை தீமை இரண்டையும் அவளுக்குப் புரியும் பேச்சில் சொன்ன பிறகே கையெழுத்தோ கைநாட்டோ வாங்க வேண்டும்.