கண்டியில் எடுத்த இந்தியக் கதை

1984-ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளியான 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி டெம்பிள் ஆஃப் டூம்' என்னும் அமெரிக்கப் படத்தை அண்மையில் மறுமுறை கண்டோம். 1981-இல் வெற்றி கண்ட முதற்படத்தை அடுத்து வந்தது இது. ஆனால் கதை நிகழும் ஆண்டு 1935, முதற்கதைக்கு ஓராண்டு முந்தியது. ஜார்ஜ் லூக்காஸின் கதையை ஸ்டீவன் ஸ்பீல்பர்க் இயக்கினார். செலவு ஏறத்தாழ 2 கோடியே 80 லட்சம் டாலர்.

செலவிட்ட பணம் திரையில் தெரிகிறது. காற்றடைத்த ரப்பர்ப் படகோடு விமானத்திலிருந்து இமயப் பனியில் குதித்து, சறுக்கி, ஆற்றில் விழுந்து பிழைப்பதை நம்புவார் எவருமிலர்; ஆயினும் கண்ணை எடுக்க இயலவில்லை. பள்ளத்தாக்கின் மேல் தொங்கும் கயிற்றுப் பாலமோ மெய்யாகவே கட்டப்பட்டது. அருகில் அணை கட்டிக்கொண்டிருந்த பிரித்தானியப் பொறியாளர் அதற்கு உதவினர்.

அந்தப் பாலம் இருந்த இடம் இந்தியா அன்று, இலங்கையின் கண்டி வட்டாரம். முதலில் ஆமேர் கோட்டை முதலிய இடங்களிலேயே படம்பிடிக்க எண்ணியிருந்தனர். கதையைப் படித்த இந்திய அரசு மாற்றங்கள் வேண்டுமென்றது. படக்குழுவினர் உடன்படாது 1983-இல் கண்டிக்குச் சென்றனர். அதனால் வட இந்தியச் சிற்றூரார் திரையில் சிங்களம் பேசுகின்றனர்!

அரண்மனை விருந்தில் பாம்பும் வண்டும் குளிரூட்டிய குரங்கு மூளையும் பரிமாறப்படுகின்றன. அயலூரில் வாழும் நம்மவர்க்கு இவ்வகை நகை புதிதன்று. நம் சாப்பாட்டைப் பற்றி அக்கம்பக்கத்தார் கட்டிய கதைகளை நாமும் கேட்டிருக்கிறோம். அந்த விருந்தில் திவானாக அமர்ந்திருப்பவர், 1982-இல் 'காந்தி' படத்தில் நேருவாக நடித்த ரோஷன் சேத். நரபலிப் பூசாரியாக மொட்டைத் தலையுடன் வருபவர் அம்ரீஷ் புரி. அவர் நடிப்பில் குறை காண்பதற்கில்லை.

குறை வேறிடத்தில் உள்ளது. படத்தின் கொடியோர் 'தக்கர்' எனப்படுகின்றனர். காளியின் பெயரால் உயிருள்ள மனிதனின் நெஞ்சைப் பிளந்து இதயத்தைப் பறிக்கின்றனர். வரலாற்றில் தக்கர் எனப்பட்டோர் வழிப்போக்கரோடு நட்புப் பாராட்டி, துணியால் கழுத்தை நெரித்துக் கொள்ளையிட்டவர். அவருள் முஸ்லிம்களும் பலர். அவர்களைப் பற்றி நாம் அறிவன பெரும்பாலும் 1830-களில் வில்லியம் ஸ்லீமன் முதலிய கும்பெனி அதிகாரிகள் திரட்டியவை. பிடிபட்டு அரசுத் தரப்புச் சாட்சிகளாக மாறியோர் தந்த வாக்குமூலங்கள். கொலைகள் நடந்தது மெய். அவையனைத்தும் ஒரே இரகசியச் சமயக் கூட்டத்தின் செயலா என்பதை இக்கால வரலாற்றாசிரியர் பலர் ஐயுறுகின்றனர்.

1836-ஆம் ஆண்டுச் சட்டமோ ஐயுறவில்லை. தக்கர் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்று மெய்ப்பித்தாலே போதும், ஆயுள் சிறை. இன்ன கொலையைச் செய்தான் என்று காட்ட வேண்டுவதில்லை. செயலை விட்டுக் கூட்டத்தைத் தண்டிக்கும் இந்த வழக்கம் 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டமாக வளர்ந்தது. 1911-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மதுரைச் சீமையார் அதனை ரேகைச் சட்டம் என்றனர். கைரேகை கொடுத்துப் பதிந்துகொள்ள மறுத்த பெருங்காமநல்லூர்ப் பிரமலைக் கள்ளர் மீது 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் போலீசார் சுட்டனர். மாயக்காள் என்னும் பெண்ணும் மாண்டார்.

படத்தின் முடிவில் ஆங்கிலத் தளபதி ஒருவர் துருப்புகளோடு வந்து நல்லவரைக் காக்கிறார். கதை நிகழும் அந்த 1935-இல் ரேகைச் சட்டம் நடப்பிலிருந்தது. இரவானால் ஆடவர் பலர் போலீசார் கண்காணிப்பில் படுத்துறங்க வேண்டியிருந்தது. சென்னை மாகாணத்தில் 1947-லும் நாடு முழுவதும் 1952-லும் அச்சட்டம் நீக்கப்பட்டது. அதற்கும் 32 ஆண்டுகள் கழித்து வந்த படம், ஸ்லீமன் காலத்துக் கதையையே இன்னும் மிகைப்படுத்திச் சொல்லிற்று.