"வீட்டுல படிச்சுக்குங்க"

1994இல் பீளமேட்டில் பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். இனப்பெருக்கப் பாடம் வந்த அன்று டீச்சர் நான்கைந்து பக்கங்களைச் சேர்த்துப் புரட்டினார். "இதை வீட்டுல படிச்சுக்குங்க, கண்ணுகளா. பரீட்சைக்கு வராது." (வந்தது, ஐந்து மதிப்பெண்ணுக்கு.)

வீட்டில் எதைப் படிப்பது? அதற்கு இரண்டு வருடம் முன்பே எனக்குத் திரட்டிச் சீர் நடந்திருந்தது. பத்திரிகை அடித்தார்கள், மைக் செட்டு கட்டினார்கள், மாமன் தட்டு வரிசையோடு வந்தார். மில் ஷிப்டு முடிந்து வந்தவர்களும் பந்தியில் சாப்பிட்டார்கள். என் உடம்பில் என்ன நடந்தது என்பது தெருவுக்கே தெரியும். ஏன் நடந்தது என்று எனக்குச் சொல்லத்தான் ஆளில்லை. அம்முச்சி சொன்னது ஒன்றே ஒன்று: "இனி பசங்களோட வெளையாடப் போகாத." ஊரைக் கூட்டிச் சொல்லலாம், வகுப்பில் சொல்லக்கூடாது என்ற இந்த விசித்திரம்தான் பிற்பாடு என்னைப் பாலியல் கல்வியின் வரலாற்றைத் தேட வைத்தது.

ரொம்ப தூரம் போக வேண்டியிருக்கவில்லை. ஈரோடு அன்று கோவை மாவட்டத்தில் இருந்தது. அங்கே 1925இல் தொடங்கிய 'குடி அரசு' இதழில், 1930 வாக்கிலேயே பெரியார் கர்ப்பத்தடை பற்றி எழுதினார். தாயின் உடல்நலம், நாட்டின் வறுமை என்று மற்றவர்கள் காரணம் சொன்னபோது, பெண்ணின் விடுதலைக்காகவே அது வேண்டும் என்றார் அவர்.

பின்னால் அரசு இதைப் பேசியபோதெல்லாம் அந்தக் காரணம் மட்டும் காணாமல்போனது. என் அம்மா காலத்தில் சுவரெங்கும் சிவப்பு முக்கோணம்; கவலை மக்கள்தொகை பற்றியது. 1986இல் சென்னையில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் கண்டறியப்பட்ட பிறகு, நோய் பற்றிய பயம். "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று விளம்பரம் கேட்டது நினைவிருக்கும். புள்ளிராஜாவின் மனைவியைப் பற்றிக் கேட்க எனக்கும் அன்று தோன்றவில்லை.

எய்ட்ஸ் பயத்தின் வழியாகத்தான் 2005இல் மத்திய அரசின் வளரிளம் பருவக் கல்வித் திட்டம் பள்ளிகளுக்கு வந்தது. அதே ஆண்டு, திருமணத்துக்கு முன் உறவு கொள்ளும் பெண்கள் கர்ப்பத்திலிருந்தும் நோயிலிருந்தும் தங்களைக் காத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு பத்திரிகையில் சொன்னார் குஷ்பு. பாலியல் கல்வியின் முதல் பாடமே அதுதான். துடைப்பமும் செருப்பும் ஏந்திப் போராட்டம் நடந்தது. தமிழ்ப் பெண்களின் கற்பு அவமதிக்கப்பட்டது என்றார்கள். 23 வழக்குகள், பெரும்பாலானவை தமிழ்நாட்டில். உச்ச நீதிமன்றம் அவற்றை ரத்து செய்ய 2010 ஏப்ரல் ஆனது. இதையெல்லாம் பார்த்த ஒரு பள்ளி ஆசிரியை, மறுநாள் வகுப்பில் எந்தத் தைரியத்தில் அந்தப் பக்கத்தைத் திறப்பார்? என் டீச்சர் மீதிருந்த கோபம் எனக்குக் குறைந்தது அப்போதுதான்.

2007இல் மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம், கர்நாடகம் உள்ளிட்ட மாநிலங்கள் அந்தத் திட்டத்தை மறுத்தன. கட்சி பேதமில்லாமல் சொன்ன காரணம் 'நம் பண்பாடு'. 2009இல் வெங்கையா நாயுடு தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழுவும் பள்ளியில் பாலியல் கல்வி வேண்டாம் என்றே சொன்னது. இத்தனைக்கும், தடை போட உத்தரவே தேவையில்லை. ஒரு கை பக்கத்தைப் புரட்டினால் போதும்.

2025 ஏப்ரலில், எங்கள் மாவட்டத்தில் கிணத்துக்கடவு அருகே ஒரு தனியார் பள்ளியில், அப்போதுதான் பூப்பெய்திய எட்டாம் வகுப்பு தலித் மாணவி வகுப்பறைக்கு வெளியே படிக்கட்டில் உட்காரவைக்கப்பட்டுத் தேர்வு எழுதினாள். தாய் அதைச் செல்பேசியில் படம் பிடித்தார். தனியிடம் கேட்டது குடும்பம்தான் என்ற பேச்சும் எழுந்தது. அப்படியே இருந்தாலும் தனியிடம் வேறு, வாசற்படி வேறு. தீட்டு எது, சாதி எது என்று பிரிக்க முடியாத வாசற்படி அது. முதல்வர் இடைநீக்கம் செய்யப்பட்டார். அவள் அங்கே எழுதியவற்றில் ஒன்று அறிவியல் தேர்வு. தமிழ்நாட்டு எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் 'வளரிளம் பருவமடைதல்' என்றே ஒரு பாடம் இருக்கிறது.

அந்தக் காணொளியை எனக்குக் காட்டியது என் மகள். அவளும் அப்போது எட்டாம் வகுப்பு. உங்கள் வகுப்பில் அந்தப் பாடத்தை நடத்தினார்களா என்று கேட்டேன்.

"நடத்துனாங்கம்மா. பொண்ணுங்களுக்கு மட்டும். பசங்களுக்கு அன்னைக்கு பி.டி. பீரியட் விட்டுட்டாங்க."