பெரட்டில் கருப்புக் கண்ணாடி

பல்கலைக்கழகத்தில் முதலாண்டு படிக்கும்போது சீருடைப் பயிற்சி ஒன்றில் சேர்ந்திருந்தேன். வாரக் கடைசியானால் திடலில் அணிவகுப்பு. எனக்குச் சின்ன வயதிலிருந்தே கிட்டப்பார்வை. அந்த வருடம் அப்பா வாங்கிக் கொடுத்தது வெயில் பட்டால் தானாகக் கருத்துவிடும் வகைக் கண்ணாடி. ஒரு நாள் காலை அணியில் நின்றபோது பயிற்சியாளர் என் முன்னால் வந்து, சட்டையிலிருந்த பெயரைப் படித்துக் கூப்பிட்டார். "கழற்று" என்றார். பவர் கண்ணாடி, கழற்றினால் எதுவும் தெரியாது என்றேன். "உன் கண்ணு எனக்குத் தெரியணும். உனக்கு என்ன தெரியுதுங்கிறது அப்புறம்" என்று மலாயில் சொன்னார். அவர் போட்டிருந்ததோ கன்னங்கரேலென்ற கூலிங் கிளாஸ். அதில் என் முகம் இரண்டாகத் தெரிந்தது.

அன்றைக்கு அவமானமாக இருந்தது. பிறகுதான் அவர் சொன்னது ஒரு பழைய விதி என்று புரிந்தது. பிரிட்டிஷ் மரபில் வந்த ராணுவங்களில், மருத்துவர் எழுதிக் கொடுத்தால் தவிர, அணியில் நிற்பவன் கருப்புக் கண்ணாடி போடுவதைப் பொதுவாக அனுமதிப்பதில்லை. அதற்குக் காரணமும் உண்டு. அணிவகுப்பு மேடையைக் கடக்கும்போது 'பண்டாங் கெ கானான், பண்டாங்!' என்று கட்டளை வரும். வலப்பக்கம் பார் என்று அர்த்தம். நடந்துபோகும் அணி தலையைத் திருப்பிக் கண்ணால்தான் வணக்கம் வைக்கிறது. கண்ணை மறைத்தவன் வணக்கம் வைத்தானா இல்லையா என்று யாருக்குத் தெரியும்?

கருப்புக் கண்ணாடி ராணுவத்துக்குள் வந்தது வானத்தின் வழியாக. 1930களில் விமானங்கள் உயர உயரப் பறக்கத் தொடங்கியபோது விமானிகளுக்குக் கண் கூசியது, தலை வலித்தது. அமெரிக்காவின் பாஷ் அண்ட் லோம்ப் நிறுவனம் அதற்காகச் செய்த கண்ணாடிதான் 1937இல் ரேபேன் என்ற பெயரில் கடைக்கு வந்தது. அதுவரை அது வேலைக்கான கருவி, வெல்டர் முகமூடி மாதிரி. 1944 அக்டோபரில் பிலிப்பைன்ஸின் லேத்தே தீவில் முழங்கால் தண்ணீரில் நடந்து கரையேறும் ஜெனரல் மெக்கார்தரின் படத்தைப் பாருங்கள். அவர் விமானம் ஓட்டவில்லை, ஆனாலும் முகத்தில் கருப்புக் கண்ணாடி. விமானியின் கருவி தளபதியின் முகமாக மாறிவிட்டது.

இதையெல்லாம் தாத்தாவிடம் சொன்னபோது அவர் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. பீடோங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் 12 வயதிலிருந்து பால் வெட்டியவர் அவர். "எங்க தொரையும் போட்டிருப்பாரு. ரப்பர் காட்டுக்குள்ள ஏது வெயிலு? பூரா நெழலு. ஆனாலும் போட்டிருப்பாரு. எந்த மரத்தைப் பாக்குறாருன்னே தெரியாது. அதனால எல்லா மரத்தையும் ஒழுங்கா வெட்டணும்."

தோட்டத்தில் விடியுமுன் ஆளெடுக்கும் இடத்துக்குப் பெரட்டு என்று பெயர். பரேட் என்பதுதான் பெரட்டு ஆனது என்பார்கள். இருட்டில் வரிசையாக நிற்க வேண்டும். பேர் கூப்பிடக் கூப்பிட விளக்கை முகத்துக்கு நேராகத் தூக்குவார்களாம். கண்ணில் தூக்கமா, காய்ச்சலா, நேற்றுக் குடித்த கள்ளா என்று பார்க்க. எங்கள் ஆட்கள் ராணுவத்தில் சேர்வதற்கு முன்பே அணிவகுப்பில் நின்று பழகியவர்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த அணிவகுப்பில் பார்ப்பவர் ஒருவர், பார்க்கப்படுபவர்கள் நூறு பேர். 1941இல் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தபோது, கூலி உயர்வோடு சேர்த்து இன்னொன்றும் கேட்டார்கள். துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். வயிற்றுக்குக் கேட்டவர்கள் கண்ணுக்கும் சேர்த்தே கேட்டார்கள்.

அதே ஆண்டு டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் அலோர் ஸ்டார், சுங்கைப் பட்டாணி விமானத் தளங்களில் குண்டு போட்டன. சில நாளில் ஜித்ராவில் பிரிட்டிஷ் அணி உடைந்தது. துரைமார் தெற்கே ஓடுவதைத் தோட்டமே நின்று பார்த்தது. ஜித்ராவில் சிதறிய பஞ்சாப் படைப்பிரிவின் கேப்டன் மோகன் சிங்கும் ஜப்பானிய அதிகாரி ஃபுஜிவாராவும் அலோர் ஸ்டாரில் பேசிய பேச்சிலிருந்துதான் இந்திய தேசிய ராணுவம் முளைத்தது. நாம் சிங்கப்பூரையும் நேதாஜியையும் நினைக்கிறோம். விதை விழுந்தது கெடாவில்.

1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் தலைமையேற்ற பிறகு தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். பலரை இழுத்தது நாட்டுப்பற்று. சயாம் மரண ரயிலுக்குப் பிடித்துக்கொண்டு போகாமல் தப்பிக்கச் சேர்ந்தவர்களும் உண்டு. தமிழ் மட்டுமே தெரிந்தவர்கள் இந்துஸ்தானிக் கட்டளைக்குக் கால் எடுத்து வைத்தார்கள். போஸின் புகழ்பெற்ற படங்களில் இருப்பது வட்டமான வெள்ளைக் கண்ணாடி. கண் நன்றாகத் தெரியும். மெக்கார்தர் படத்தின் பக்கத்தில் அதை வைத்துப் பார்த்தால், ஒரு தலைவர் தன் ஆட்களிடம் என்ன கேட்கிறார், என்ன கொடுக்கிறார் என்பதில் ஏதோ வித்தியாசம் இருப்பதாகத் தோன்றுகிறது. அது என் கற்பனையாகவும் இருக்கலாம்.

போர் முடிந்து துரைமார் திரும்பி வந்தார்கள். பெரட்டும் திரும்பி வந்தது. வரிசையில் நின்றவர்கள்தான் பழைய ஆட்கள் இல்லை. பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தை மையமாக வைத்து ஏ.எம். சாமி தொண்டர் படையைக் கட்டினார். காக்கி உடுப்பு, கம்பு, அணிவகுப்பு. எதிரி கள்ளுக்கடை. கூலியைக் கையில் கொடுத்து, தோட்டத்துக் கள்ளுக்கடையிலேயே திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டை உடைக்கக் கிளம்பினார்கள். தாத்தாவுக்கு அப்போது ஏழு வயது. "சாயங்காலம் தெடல்ல லெப்ட் ரைட் போடுவாங்க. நாங்க பொடிசுங்க பின்னாலயே ஓடுவோம்" என்பார். பகலெல்லாம் துரைக்காக வரிசையில் நின்றவர்கள், சாயங்காலம் தங்களுக்காக வரிசையில் நின்றார்கள்.

1947 பிப்ரவரி கடைசியில் பீடோங்கில் கள்ளுக்கடை மறியல் போலீசுடன் மோதலாக முடிந்து ஒரு தொழிலாளி இறந்தார். தொடர்ந்து புக்கிட் செம்பிலான் தோட்டத்தில் பலரைக் கைது செய்தார்கள். ஏப்ரலில் டப்ளின் தோட்டத்தில் துப்பாக்கிச் சூடு. தொண்டர் படை நொறுங்கியது. அவர்களைப் புனிதர்களாக்க நான் விரும்பவில்லை. குடித்தவர்களைப் பிடித்து அவர்களும் தண்டித்தார்கள். விளக்கைப் பிடுங்கியவர்கள் அதையே இன்னொருவன் முகத்துக்கு நேராகத் தூக்கினார்கள். அணிவகுப்பு கற்றுக்கொடுப்பதில் இதுவும் ஒன்று போலிருக்கிறது.

போன வருடம் தாத்தாவுக்குக் கண்புரை அறுவை. ஆஸ்பத்திரியில் பெரிய கருப்புக் கண்ணாடி ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்கள். அதை மாட்டிக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். போகிற வருகிறவர்கள் எல்லாம், தங்களைத்தான் பார்க்கிறார் என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். "தொர மாதிரி இருக்கேனா?" என்று கேட்டார். அப்போதுதான் திடலில் நடந்ததையும், அந்தப் பயிற்சியை நான் பாதியில் விட்டதன் காரணத்தையும் முதன்முதலாக அவரிடம் சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அவருதான் கருப்புக் கண்ணாடி போட்டிருந்தாருங்கிறியே. உன்னைத்தான் பாத்தாருன்னு எப்படித் தெரியும்?"

"பேர் சொல்லிக் கூப்பிட்டாரு தாத்தா."

"ஆமா. பெரட்டுலயும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாங்க" என்றார்.